முகம் சுடும், முதுகு குளிரும்: கிறிஸ்துமஸ் ராத்திரியில் பேய்க்கதை சொன்னவர்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம், வைக்கோல் பரப்பிய குடில், கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் கூட்டம், நள்ளிரவுப் பூசை, அப்புறம் கேக். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஓர் இங்கிலாந்துக்காரரிடம் இதே பட்டியலைக் கேட்டிருந்தால் இன்னொன்றையும் சேர்த்திருப்பார்: பேய்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெரோம் கே. ஜெரோம் என்ற நகைச்சுவை எழுத்தாளர் 1891-இல் ஒரு சின்னப் புத்தகம் முழுக்க இந்த வழக்கத்தைக் கிண்டலடித்தே எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் ராத்திரியில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் போதும், பேய்க்கதை தொடங்கிவிடும் என்கிறார். ஒருவர் கிண்டலடித்துப் புத்தகம் போடுகிற அளவுக்கு ஒரு வழக்கம் புளித்துப்போயிருந்தது என்றால் அது எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும், பாருங்கள்.

எனக்கு இது முதலில் காதில் விழுந்தது ஒரு பாட்டில். அமெரிக்காவில் 1963-இல் வந்த கிறிஸ்துமஸ் பாட்டு, டிசம்பர் பிறந்தால் இன்றும் கடைகளில் ஓடும். விருந்து, பனி, உறவுக்காரர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர் நடுவில் பயமுறுத்தும் பேய்க்கதைகளும் உண்டு என்று சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இயேசு பிறந்த நாளில் பேய்க்கு என்ன வேலை?

சரி, முதலில் குளிரிலிருந்து வருவோம். அது புரியாமல் இது புரியாது.

சென்னையில் வருடத்தின் மிகக் குட்டையான பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். லண்டனில் டிசம்பர் 21 வாக்கில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது, சாயங்காலம் நான்கு அடிப்பதற்குள் சூரியன் விழுந்துவிடும். வடக்கே போகப் போக இன்னும் மோசம்: எடின்பரோவில் சுமார் ஏழு மணி நேரம், ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் நான்கு மணி நேரத்தை ஒட்டி. மின்சாரம் இல்லாத காலத்தில் இதை வைத்து யோசித்துப் பாருங்கள். வயலில் வேலை கிடையாது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விழாக்காலம் ஜனவரி 6 வரை ஓடும். அது முடிந்து வருகிற முதல் திங்களுக்கு ‘கலப்பைத் திங்கள்’ என்றே பெயர், அன்றைக்குத்தான் மறுபடி ஏர் பூட்டும் கணக்கு. அதுவரை வீட்டுக்குள்தான். மெழுகுவர்த்திக்குக் காசு வேண்டும், விறகுக்கும் உழைப்பு வேண்டும், ஆக வீட்டில் இருக்கும் எல்லோரும், எஜமானி முதல் வேலைக்காரச் சிறுமி வரை, ஒரே ஒரு கணப்பைச் சுற்றித்தான் உட்கார முடியும். கணப்பு என்றால் சுவரோடு சேர்த்துக் கட்டிய நெருப்பு மாடம், மேலே புகைபோக்கி. அது அறை முழுவதையும் சூடாக்காது. நெருப்பைப் பார்த்த பக்கம் முகம் சுடும், முதுகு விறைத்துக்கொண்டிருக்கும். வெளிச்சமும் அப்படித்தான், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மட்டும் தெரியும், அவர் தோளுக்குப் பின்னால் இருட்டு, அந்த இருட்டில் மாடிப்படி, மாடிப்படிக்கு மேலே ஆளில்லாத அறை.

அந்தக் குளிர்ந்த முதுகுதான் பேய்க்கதையின் மூலதனம் என்பேன். கதை கேட்கிறவனுக்குப் பயம் வர வேண்டும், ஆனால் எழுந்து ஓடும் அளவுக்கு வரக்கூடாது. முன்னால் நெருப்பு, பக்கத்தில் மனிதர்கள், பின்னால் என்னவென்று தெரியாத ஒன்று. இதைவிடப் பொருத்தமான உட்காருமிடம் எந்தத் தியேட்டரிலும் இல்லை. (நம் ஊரில் இந்த வேலையைக் கரண்ட் போன ராத்திரிகள் செய்தன. கரண்ட் வந்ததும் “ஹே” என்று கத்திவிட்டுக் கதையைப் பாதியில் விட்டு ஓடியதற்கு நான் இன்றும் வருத்தப்படுகிறேன்.)

இது எவ்வளவு பழையது? கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய நடுக்குளிர்கால விழாக்களிலிருந்து நேராக இறங்கி வந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கையில் பிடித்துப் பார்க்க முடிந்த சான்றுகள்தான் பிடிக்கும், அவை தாராளமாகவே இருக்கின்றன. 1590 வாக்கில் கிறிஸ்டோபர் மார்லோ எழுதிய நாடகம் ஒன்றில், தான் பணக்காரனாக இருந்த காலத்தில் கிழவிகள் தனக்குக் குளிர்காலக் கதைகள் சொல்வார்கள், ராத்திரியில் நழுவித் திரியும் ஆவிகளைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஒரு பாத்திரம் நினைத்துக்கொள்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில், விருந்து நடக்கும் இடத்தில் பேயைப் பார்த்து நடுங்கும் கணவனை அவன் மனைவி எப்படி மட்டம் தட்டுகிறாள் தெரியுமா? இதெல்லாம் குளிர்கால நெருப்படியில் ஒரு பொம்பளை சொல்லும் கதை, அதற்கும் அவள் பாட்டிதான் சாட்சி என்கிறாள். ‘பாட்டி கதை’ என்று நாம் உதறித் தள்ளுவதேதான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1611 வாக்கில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில் வரும் ஒரு குட்டிக் காட்சி. இளவரசன் மமிலியஸ் சின்னப் பையன். கதை சொல்லு என்கிறாள் அம்மா. சந்தோஷமான கதையா, சோகமான கதையா என்று பேச்சு வர, குளிர்காலத்துக்குச் சோகக் கதைதான் சரி, என்னிடம் ஆவிகளும் குட்டிச்சாத்தான்களும் வரும் கதை ஒன்று இருக்கிறது என்கிறான் பையன். கல்லறைத் தோட்டத்துப் பக்கத்தில் ஒரு ஆள் குடியிருந்தான் என்று ஆரம்பித்து, அங்கே இருக்கும் சில்வண்டுகளுக்குக்கூடக் கேட்காதபடி மெதுவாகச் சொல்கிறேன் என்று அம்மாவின் காதருகே போகிறான். அவ்வளவுதான். சந்தேகப் பேய் பிடித்த ராஜா உள்ளே வந்து பையனை அம்மாவிடமிருந்து பிரித்துவிடுகிறான், பிற்பாடு பையனும் செத்துப்போகிறான். கதை அந்த ஒற்றை வரியோடு நின்றுபோனது. இந்தப் பையனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை: இதே ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டில் நேர் எதிராக ஒன்று சொல்ல வைக்கிறார். கிறிஸ்துமஸ் காலத்தில் சேவல் விடிய விடியக் கூவும், அந்த நாட்களில் எந்த ஆவியும் வெளியே தலைகாட்டத் துணியாது என்று சொல்கிறார்கள், இப்படி ஒரு காவல்காரன் பேசுகிறான். அப்படியானால் பேய் வெளியே இல்லாத நாளில்தான் பேயைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். யோசித்தால் புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

இங்கிலாந்து மட்டும் இல்லை. ஐஸ்லாந்தில் குளிர்கால மாலைகளில் ஒருவர் உரக்க வாசிப்பார் அல்லது கதை சொல்வார், மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டும் பின்னிக்கொண்டும் கேட்பார்கள். குவோல்ட்வாகா என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. அங்கே ‘சாகா’ எனப்படும் பழைய வீரகதைகளிலேயே பேய்க்குப் பிடித்த நாள் கிறிஸ்துமஸ். கிளாம் என்ற மேய்ப்பன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நோன்பிருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துச் சாப்பிட்டுவிட்டுப் பனியில் ஆடு தேடிப் போகிறான், பிணமாகக் கிடக்கிறான், பிறகு ராத்திரிகளில் எழுந்து வந்து கூரைமேல் ஏறிக் குதிரை ஓட்டுவதுபோல வீட்டை ஆட்டுகிறான்.

ஐஸ்லாந்தில் வாய்வழியாக வந்த இன்னொரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, 1860-களில் யோன் ஆர்னாசன் தொகுத்த நாட்டுக்கதைகளில் அச்சேறியது. மிர்கா என்ற ஊர்ச் சபையின் உதவி ஊழியனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு காதலி, பெயர் குத்ரூன். கிறிஸ்துமஸ் அன்று வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குதிரையில் திரும்புகிறவன், பனிக்கட்டி உடைந்து ஆற்றில் விழுந்து சாகிறான். பின்னந்தலையில் பெரிய காயம். அடக்கமும் முடிந்துவிட்டது. வெள்ளத்தால் இந்தச் செய்தி அக்கரைக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி கதவு தட்டப்படுகிறது. அவசரத்தில் அவள் மேலங்கியில் ஒரு கையை மட்டும் நுழைத்து இன்னொரு பக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள், குதிரையில் அவன் பின்னால் உட்காருகிறாள். வழியில் பேச்சே இல்லை. ஓரிடத்தில் குதிரை இடற, அவன் தொப்பி முன்னால் நகர்கிறது, மேகத்துக்குள்ளிருந்து நிலா வெளியே வருகிறது, அவன் பின்மண்டையில் வெள்ளை எலும்பு தெரிகிறது. அப்போது அவன் பேசுகிறான்: நிலா நகர்கிறது, சாவு குதிரையில் போகிறது, என் பிடரியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியவில்லையா, காரூன், காரூன்?

ஏன் காரூன்? அவர்கள் மொழியில் ‘குத்’ என்றால் கடவுள். பேயின் வாயில் கடவுள் பெயர் வராது. எவ்வளவு நுட்பம், பாருங்கள்! பக்கத்தில் இருப்பது என்னவென்பது ஒரே ஒரு பெயர்ப் பிசகில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கதையை வாசித்தால் இது லேசாகக் கடந்துபோகும். யாராவது இருட்டில் உங்களிடம் சொன்னால் அந்தப் பெயரில் முடி சிலிர்க்கும். கல்லறைத் தோட்டத்தில் குழி திறந்து கிடக்கிறது, அவளை இழுக்கிறான், அவள் கையில் ஆலய மணியின் கயிறு சிக்குகிறது, மணி அடிக்கிறது. அவன் பிடித்திருந்தது அவள் நுழைக்காமல் விட்ட அந்தச் சட்டைப் பக்கம், அது கிழிந்து அவன் மட்டும் குழிக்குள் போகிறான். ஆரம்பத்தில் அவசரத்தில் போட்ட ஒற்றைக் கை கடைசியில் அவள் உயிரைக் காப்பாற்றுகிறது. எழுதத் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி இழைத்தது இது.

மறுபடி இங்கிலாந்து. 1647-இல் அங்கே தூய்மைவாதிகள் என்ற கறாரான கிறிஸ்தவர்கள் கையிலிருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்தது, 1660-இல் ராஜா திரும்பி வந்த பிறகுதான் அது நீங்கியது. விழாவைத் தடை செய்யலாம், கிழவி வாயை எப்படித் தடை செய்வது? நடுவில் ஒரு துணைக்கதை. 1816-ஐக் ‘கோடை இல்லாத ஆண்டு’ என்பார்கள். அதற்கு முந்தைய ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய சாம்பலும் வாயுவும் உலகத்தின் வானத்தையே மறைத்தன. ஜெனீவா ஏரிக்கரையில் ஜூன் மாதத்தில் மழையும் குளிருமாக வீட்டுக்குள் அடைபட்ட சில ஆங்கிலேயர்கள் ஜெர்மன் பேய்க்கதைகளை உரக்க வாசித்துப் பொழுதைப் போக்கினார்கள், பிறகு ஆளுக்கொன்று எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அங்கே இருந்த பதினெட்டு வயது மேரி எழுதியது ‘பிராங்கன்ஸ்டைன்’. கோடை குளிர்காலமாக மாறியதும் பழைய பழக்கம் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இனி ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். கிறிஸ்துமஸ் பேய்க்கதையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று எங்கேயாவது படித்தால் நம்பாதீர்கள். இருந்ததை அவர் அச்சுக்குக் கொண்டுபோனார், அவ்வளவு அழகாகக் கொண்டுபோனதால் முந்தையதெல்லாம் மறந்துபோனது. 1843 டிசம்பர் 19 அன்று ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளிவந்தது, 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தன. ‘கிறிஸ்துமஸைப் பற்றிய ஒரு பேய்க்கதை’ என்று தலைப்பிலேயே போட்டிருந்தார். கஞ்சன் ஒருவனிடம் செத்துப்போன கூட்டாளியின் ஆவியும் பிறகு மூன்று ஆவிகளும் வருகின்றன என்பது பலருக்கும் தெரிந்த கதைதான். தெரியாதது: அதை வாயால் சொல்வதற்கென்றே கட்டியிருக்கிறார், அத்தியாயங்களுக்குப் பாட்டின் சரணத்துக்கான சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார், கதை சொல்கிறவன் நடுவில் நம்மிடம் நேராகப் பேசுகிறான். 1853 டிசம்பர் 27 அன்று பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் அவரே அதைப் பொதுமக்கள் முன் வாசித்தார், தொழிலாளர்களும் வந்து கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு வாசிப்புக்குக் குறைந்த கட்டணம் வைக்கச் சொன்னார். 1870-இல் சாவதற்கு மூன்று மாதம் முன்பு செய்த கடைசி வாசிப்பிலும் இதே கதை இருந்தது.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் பேய்க்கதை ஒரு தொழிலானது. நீராவி அச்சு இயந்திரம், காகித வரி 1861-இல் நீங்கியது, ரயில் நிலையக் கடைகள், பத்திரிகைகளின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்கள். நம் தீபாவளி மலர் போலத்தான். மலரில் பட்சணக் குறிப்பு இருக்கும், இவர்களுக்கு ஆவி. டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையிலேயே எலிசபெத் கேஸ்கெல் 1852-இல் ஒரு வயதான ஆயா குழந்தைகளுக்குச் சொல்வதாக எழுதினார்: பனியில் நின்று ஜன்னலைத் தட்டும் ஒரு சின்னப் பெண், அவளை உள்ளே விடக்கூடாது. 1864-இல் பேய் வண்டிக் கதை எழுதிய அமீலியா எட்வர்ட்ஸ் பின்னாளில் எகிப்து அகழாய்வுக்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கியவர்களில் ஒருவர். பெண்கள் நிறைய எழுதினார்கள், நன்றாக எழுதினார்கள், எழுத்து சோறு போட்ட சில துறைகளில் இது ஒன்று.

டிக்கன்ஸின் இன்னொரு கதை, என் கணக்கில் ‘கேரல்’ கதையைவிட உசத்தி, 1866 சிறப்பிதழில் வந்த ‘சிக்னல்மேன்’. சுரங்கப்பாதை வாசலில் தனியாக வேலை பார்க்கும் ரயில்வே ஊழியனுக்கு, விபத்துக்கு முன்னால் ஓர் உருவம் வந்து கையசைத்து எச்சரிக்கிறது. இதில் கற்பனை மட்டும் இல்லை. முந்தைய வருடம், 1865 ஜூன் 9, ஸ்டேபிள்ஹர்ஸ்டில் பத்துப் பேர் இறந்த ரயில் விபத்தில் டிக்கன்ஸ் அந்த வண்டிக்குள் இருந்தார், அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், அதற்கப்புறம் ரயில் என்றாலே நடுங்கினார். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1870 ஜூன் 9 அன்று, இறந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேதியை மட்டும் சொன்னேன்.

ஆனால் அச்சினால் ஒரு நஷ்டமும் உண்டு. பத்திரிகை வந்ததும் ஒரே ஆள் ஒரு மூலையில் உட்கார்ந்து மனசுக்குள் படித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் கேஸ் விளக்கும் வந்துவிட்டது. நெருப்படிக் கூட்டமும் குரலும் இல்லாமலே கதை ஓட ஆரம்பித்தது. அதை மறுபடி குரலுக்கு இழுத்து வந்தவர் எம். ஆர். ஜேம்ஸ்.

ஜேம்ஸ் பேய் எழுத்தாளர் இல்லை, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பழைய கையெழுத்துச் சுவடிகளை ஆராய்ந்த அறிஞர், 1905-இல் அந்தக் கல்லூரிக்கே தலைவரானவர். 1893 அக்டோபரில் நண்பர்கள் சங்கம் ஒன்றில் இரண்டு பேய்க்கதைகள் வாசித்ததில் தொடங்கி, பிறகு அது கிறிஸ்துமஸ் வழக்கமாகவே ஆனது. வழிபாடும் சாப்பாடும் முடிந்து நண்பர்களும் மாணவர்களும் அவர் அறையில் கூடுவார்கள். கதை பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் எழுதி முடியும். படுக்கையறையிலிருந்து காகிதத்தோடு வருவார், ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஊதி அணைப்பார், அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாராலும் படிக்க முடியாத தன் கிறுக்கலை அந்த அரை வெளிச்சத்தில் வாசிப்பார்.

அவருடைய முறையைத் தெரிந்துகொண்டால் பேய்க்கதையே பாதி புரிந்துவிடும். பின்னாளில் அவர் எழுதிய சில முன்னுரைகளில் சொல்லியிருக்கிறார்: இடம் பழகிய இடமாக இருக்கட்டும், ஆட்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும், அந்த அமைதிக்குள் ஒன்று தலையை நீட்டட்டும், முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். கேட்பவன் ‘ஜாக்கிரதையாக இல்லாவிட்டால் எனக்கும் இது நடக்கும்’ என்று நினைக்க வேண்டும். பேய் நல்ல பேயாக இருக்கவே கூடாது. ரத்தத்தைக் கொட்டி அருவருப்பு உண்டாக்குவது அவருக்குப் பிடிக்காது. ஒரு கதையில் பேய் பிசாசை நம்பாத பேராசிரியர் ஒருவர் விடுமுறையில் கடற்கரை விடுதியில் தங்குகிறார், பக்கத்து இடிபாட்டில் கிடைத்த பழைய விசிலை ஊதுகிறார். அறையில் இரண்டு கட்டில்கள், ஒன்று காலி. பயம் வருவது அந்தக் காலிக் கட்டிலின் படுக்கை விரிப்பிலிருந்து. கதை கேட்ட எல்லோரும் அன்றைக்கு ராத்திரி விரிப்புக்குள்தானே புக வேண்டும்!

அதற்குப் பிறகு நெருப்பின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்தது. 1971 முதல் 1978 வரை பிபிசி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பேய்ப் படம் ஒளிபரப்பியது, பெரும்பாலும் ஜேம்ஸ் கதைகள். 2005-இல் மறுபடி தொடங்கி, விட்டு விட்டு வந்து, இப்போது நடிகர் மார்க் கேட்டிஸ் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வேறு மாதிரி ஆனது. ஐரிஷ், ஸ்காட்டிஷ் குடியேறிகள் கொண்டுவந்த ஹாலோவீன் பேய்களை எல்லாம் அக்டோபர் கடைசிக்கு இழுத்துக்கொண்டது, கிறிஸ்துமஸில் மிஞ்சியது அந்தப் பாட்டின் ஒற்றை வரி.

எல்லா நாட்டிலும் குளிர்காலம்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் பேய்க்கதைக்குப் பருவம் கோடை. முன்னோர் ஆவிகள் வீடு திரும்பும் ஓபோன் விழா கோடையில் வருகிறது, தவிர புழுக்கத்தில் முதுகுத்தண்டு சில்லிட்டால் நல்லதுதானே என்பார்கள். நூறு திரிகளை ஏற்றி வைத்து, ஒரு கதைக்கு ஒரு திரியாக அணைத்துக்கொண்டே போகும் விளையாட்டு அவர்களுடையது, நூறாவது அணைந்தால் ஏதோ ஒன்று வரும். ஜேம்ஸ் ஒரே மூச்சில் அணைத்ததை அவர்கள் நூறு தவணையில் அணைத்தார்கள். பருவம் மாறலாம் போல, விளக்கு மட்டும் எங்கேயும் குறைந்தே ஆக வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஆசை இருந்தால் ஒன்றிரண்டு சொல்கிறேன். அரை மணி நேரத்தில் முடிகிற கதை, அதுவும் யாரோ ஒருவர் ‘எனக்கு நடந்தது’ என்று சொல்வதுபோல இருப்பது எளிது. குரலை மாற்றி நடிக்காதீர்கள், பேய்க்குரல் போட்டால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், சாதாரணக் குரல் போதும், வேகத்தை மட்டும் குறையுங்கள். ஒரே விளக்கு, அதுவும் வாசிப்பவர் பக்கம். முடிந்ததும் விளக்கம் சொல்லவே கூடாது, அது என்ன பேய், ஏன் வந்தது என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள்.

ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அந்தப் பையன். அவன் தொடங்கிய கதையை 1924-இல் எம். ஆர். ஜேம்ஸ் முடித்து வைத்தார். கல்லறைத் தோட்டத்துப் பக்கத்தில் குடியிருந்த அந்த ஆள், பணப்பையோடு புதைக்கப்பட்ட ஒரு கிழவியின் குழியைத் தோண்டிப் பணத்தை எடுத்து வந்துவிடுகிறான். மறுநாள் ராத்திரி அவள் தேடிக்கொண்டு வருகிறாள். அறைக்குள் வந்து மூலை மூலையாகக் குனிந்து தடவிப் பார்க்கிறாள், அவன் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், கட்டிலருகே வந்து நிற்கிறாள், நிமிர்கிறாள், இரண்டு கையையும் தூக்குகிறாள். “உன்கிட்டதான் இருக்கு!” என்று கத்திக்கொண்டு இளவரசன் மமிலியஸ், பக்கத்தில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த பணிப்பெண்களில் சின்னவள் யாரோ அவள் கழுத்தின்மேல் பாய்கிறான், அவளும் அதே அளவுக்கு வீரிடுகிறாள்.